அம்பாசடருக்கு வாங்கிய பல்புகள்

முதலில் வந்தது வாசனைதான். ரப்பர் கருகுகிற வாசனை.

எண்ணூர் சாலையில் எந்த நேரமும் ஏதாவது ஒன்று கருகிக்கொண்டுதான் இருக்கும். ஏதோ தொழிற்சாலைப் புகை என்று நினைத்து, பக்கத்தில் இருந்த என் மனைவி ரூபியிடம் கண்ணாடியை ஏற்றிவிடச் சொன்னேன். ஏற்றினாள். வாசனை அதிகமாயிற்று.

டாஷ்போர்டுக்குள்ளிருந்து புகை வருகிறது என்று அவள் சொல்லி முடிக்கவில்லை, எனக்கு முன்னால் இருந்த சாலை காணாமல் போய்விட்டது.

ஹெட்லைட் இரண்டும் ஒன்றாக அணைந்துவிட்டன. போன வேகத்தில் பிரேக்கை ஒரே மிதியாக மிதித்தேன். பின்னால் வந்த கன்டெய்னர் லாரி நீளமாக ஹாரன் அடித்தபடி எங்களை விலகி வலப்பக்கமாக ஒடித்துக்கொண்டு போனது. அது கிளப்பிய காற்றில் எங்கள் கார் ஒரு முறை ஆடி நின்றது.

ரூபிக்கு வந்தது பயமல்ல, கோபம்.

"நடு ரோட்டுல எதுக்குங்க நிறுத்துறீங்க? அதான் நல்லாத் தெரியுதே. ஓரமாக் கொண்டு போங்க."

எது நல்லாத் தெரிகிறது என்று எனக்கு விளங்கவில்லை. என் எதிரே ஒன்றுமே இல்லை.

அந்த இடத்திலேயே காரை நிறுத்திவைத்துவிட்டு, அங்கே எப்படி வந்து சேர்ந்தோம் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதற்குப் பல்புகளின் கதையைச் சொல்ல வேண்டும்.

கறுப்புப் பொட்டு

ராயபுரத்தில் எங்களுக்குக் கயிறும் தார்ப்பாயும் விற்கிற கடை. அப்பா தூத்துக்குடியிலிருந்து வந்து தொடங்கியது. படகுக்காரர்கள், லாரிக்காரர்கள், சரக்கு மூட்டைக்கு மூடாக்குப் போடுகிற தொழிற்சாலைகள் என்று எல்லோரும் வருவார்கள். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரிடமிருந்து அப்பா ஓர் அம்பாசடர் வாங்கியிருந்தார். வாங்கும்போதே அது பழைய கார். அப்பா போன பிறகு கடையோடு சேர்ந்து அதுவும் என் கைக்கு வந்தது. பின்சீட்டில் எப்போதும் தேங்காய் நார் வாசனை அடிக்கும். நல்ல துணி உடுத்தி ஏறினால் இறங்கும்போது நாரைத் தட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

ராயபுரத்தில் குடியிருந்தவரை ஹெட்லைட்டைப் பற்றி நான் நினைத்ததே இல்லை. தெருவிளக்கு, கடைவிளக்கு, தியேட்டர் விளக்கு என்று ஊரே எரிந்துகொண்டிருக்கும். நூற்றாண்டு மாறப்போகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த சமயத்தில் திருவொற்றியூருக்கு வீடு மாற்றினோம். எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஆர்டர் பிடிக்க நானே காரில் போய்வர ஆரம்பித்தேன். கொள்முதல் அதிகாரிகள் மாலையில்தான் கண்ணில் படுவார்கள். திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும்.

அந்தச் சாலையைத் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் கடல், கடலுக்கும் சாலைக்கும் நடுவே கொட்டிவைத்த பாறாங்கற்கள். சில இடங்களில் கடல் கல்லையும் தாண்டி வந்து தாரைக் கடித்துத் தின்றிருக்கும். மறுபக்கம் துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் லாரிகள், வால் விளக்கு இல்லாமல், வரிசையாக. தெருவிளக்குக் கம்பங்கள் உண்டு, அவற்றில் விளக்கு எரிவது அபூர்வம்.

எர்ணாவூர் பக்கம் ஒருநாள், ஓரமாக நின்றிருந்த ஒரு மீன்பாடி வண்டியின் பின்புறத்தை உரசிவிட்டேன். யாருக்கும் அடியில்லை. இரண்டு ஐஸ் பெட்டிகள் சரிந்து மீன் ரோட்டில் கொட்டியது. வண்டிக்காரர் இறங்கி வந்து காரைச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னா சார், இம்மாம் பெரிய வண்டி நிக்கிது, கண்ணு தெர்ல? லைட்டாவது ஒயுங்கா போட்டுகினு வரக்கூடாதா?"

அவர் கேட்டது இரண்டு கேள்வி. நான் இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

மறுநாளே தேரடிக்குப் பக்கத்தில் இருந்த அன்வர் பாயிடம் காரை விட்டேன். பாய் ஆட்டோ எலெக்ட்ரீஷியன். கடை என்பது ஒரு தகரக் கொட்டகை, ஒரு மேசை, கூரையெங்கும் தொங்குகிற ஒயர்கள். ஹெட்லைட்டைச் சோதிக்க அவரிடம் ஒரே முறைதான். எதிர்ப்புறக் குடோன் சுவரில் அடித்துப் பார்ப்பது. அந்தச் சுவரில் விழாத லைட்டு வடசென்னையிலேயே இல்லை என்று பெருமையடித்துக்கொள்வார்.

அந்த நாளில் ஹெட்லைட் கண்ணாடியின் நடுவே கறுப்புப் பொட்டு வைக்க வேண்டும், எதிரே வருகிறவர்களுக்குக் கண் கூசாமல் இருக்க. எங்கள் காரில் முந்தைய சொந்தக்காரர் பொட்டுக்குப் பதில் தோசையே ஊற்றியிருந்தார். பாய் அதைப் பிளேடால் சுரண்டிவிட்டுச் சின்னதாக வைத்தார். கண்ணாடியை உள்ளேயும் வெளியேயும் துடைத்தார். உப்புக்காற்றில் பச்சை பூத்திருந்த முனைகளை உப்புத்தாளால் தேய்த்தார். எனக்கு அப்படியொன்றும் வித்தியாசம் தெரியவில்லை.

அப்போது தொடங்கியது.

ஒன்றை விட ஒன்று

கார் வந்த நாளிலிருந்து இருந்த மஞ்சள் பல்புகளைக் கழற்றிவிட்டு ஹாலோஜன் போட்டோம். பாய் சுவரில் அடித்துக் காட்டினார். சுவரில் இருந்த தேர்தல் விளம்பரத்தின் எழுத்தெல்லாம் பளிச்சென்று நின்றது. எனக்கும் திருப்தியாக இருந்தது. எண்ணூர் சாலைக்குப் போனால் பழைய கதைதான். லைட் விழுகிற இடம் மட்டும் தெரிந்தது. அதற்கு இரண்டு புறமும் கறுப்புத் திரை கட்டினாற்போல் இருந்தது.

பிறகு, விளக்குக்கு உள்ளே இருக்கிற கிண்ணத்தில் ரசம் போய்விட்டது என்று அதை மாற்றினோம். விளக்கு தலை குனிந்திருக்கிறது என்று ஸ்குரு முடுக்கி நிமிர்த்தினோம். நிமிர்த்தியதும் எதிரே வந்த பஸ்காரர்கள் எல்லோரும் தலையை வெளியே நீட்டித் திட்டினார்கள். மறுபடி குனியவைத்தோம்.

அடுத்து நீலம் கலந்த வெள்ளை பல்பு. அப்போதுதான் கடைகளுக்கு வந்திருந்தது. புதுக் கார்களில் அதைப் பார்த்துவிட்டு ஆசைப்பட்டு, நானே புதுப்பேட்டைக்குப் போய் வாங்கிவந்தேன். பாய் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பார்க்கத்தான் வெள்ளை, மழையில் ரோட்டில் ஒன்றும் நிற்காது, மஞ்சளே மேல் என்றார். அவர் சொன்னபடிதான் ஆயிற்று. ஒரு மழைக்குப் பிறகு அதையும் கழற்றினோம்.

எனக்கு இது ஒரு பித்தாகவே ஆகிவிட்டது. எந்தக் கார் எதிரே வந்தாலும் அதன் விளக்கைத்தான் பார்ப்பேன். கடைக்கு வருகிற லாரிக்காரர்களிடம் கயிறு விலையை விட்டுவிட்டு, என்ன பல்பு போட்டிருக்கிறாய், எத்தனை வாட்ஸ் என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் பாயையே பக்கத்தில் உட்காரவைத்து, பொழுது இறங்குகிற நேரத்தில் எர்ணாவூர் வரை ஓட்டிப்போனேன். அவர் சாய்ந்து உட்கார்ந்து வெளிச்சத்தை ரசித்துக்கொண்டே வந்தார்.

"மேட்ச்சே ஆடலாம் போல கீது சார். இதுக்கு மேல இன்னா வோணும் உனுக்கு?"

இந்தப் பக்கம் ஓரத்தில் ஒன்றும் தெரியவில்லையே பாய் என்றேன்.

அவர் ஓரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். தூக்கம் சரியாக இல்லையா என்று மட்டும் கேட்டார்.

இதை இன்று சொல்லும்போது எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவருக்கு இருட்டில் எவ்வளவு தெரிகிறது என்று நமக்கு எப்படித் தெரியும்? இருட்டு என்றால் தெரியாதுதான். கரன்ட் போனால் எல்லோரும்தான் முட்டிக்கொள்கிறார்கள். நான் கொஞ்சம் அதிகமாக முட்டிக்கொள்வேன். கண் என்ன பிடரியிலா இருக்கிறது என்று ரூபி கேட்பாள், நானும் சிரிப்பேன். கல்யாண மண்டபங்களில் வாசல்படி தடுக்கி விழுந்திருக்கிறேன். சினிமாக் கொட்டகையில் அடுத்தவர் மடியில் உட்கார்ந்திருக்கிறேன். எல்லாம் என் அவசரபுத்தி என்று வீட்டில் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். நானும்தான்.

எஸ்தர்

என் தங்கை எஸ்தரை இந்தத் தொடரில் இதுவரை அதிகம் சொல்லவில்லை. அவள் சம்மதம் வாங்கிக்கொண்டுதான் இப்போது சொல்கிறேன்.

எஸ்தர் வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் கணக்கு எழுதினாள். எங்களோடுதான் இருந்தாள். வீட்டில் அவளுக்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர். பண்டிகைக் காலத்தில் எல்லோரும் கூடுதல் நேரம் இருந்து வேலை பார்க்கும்போது இவள் மட்டும் பொழுது இறங்குவதற்கு முன் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். மாலை நேர விசேஷம் எதற்கும் வரமாட்டாள். கிறிஸ்துமஸ் இரவு ஆராதனைக்குக்கூடத் தலைவலி என்று படுத்துக்கொள்வாள்.

நாசரேத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தது. அரசாங்க உத்தியோகம், நல்ல குடும்பம். பெண் பார்த்து, பிடித்து, வெற்றிலை மாற்றுவதற்கு நாள் வைக்கிற நிலையில் எஸ்தர் வேண்டாம் என்றாள். காரணம் கேட்டதற்கு வாயே திறக்கவில்லை. அம்மா அவளை அடித்தார்கள். அவ்வளவு வயதுப் பெண்ணை அம்மா அடித்தது அன்றுதான். அதன்பிறகு வீட்டில் யாரும் அவளோடு முகம் கொடுத்துப் பேசாமல் ஒரு காலம் போயிற்று. பிறகு மெல்லப் பேச ஆரம்பித்தோம். கல்யாணப் பேச்சு மட்டும் மறுபடி எழவில்லை.

பின்சீட்டிலிருந்து

கடைசியாக வாங்கியது லாரிக்குப் போடுகிற நூறு வாட்ஸ் பல்பு. பாய்க்கு அதில் இஷ்டமில்லை. நான் விடாமல் நின்றதால் மாட்டினார். ஆனால் பழைய காரின் ஒயர் இதைத் தாங்காது, ரிலே என்று ஒரு சின்ன டப்பா வேண்டும், அது இருந்தால் பல்புக்குப் போகிற கரன்ட் ஸ்விட்சு வழியே போகாமல் நேராகப் பேட்டரியிலிருந்து போகும் என்றார். அது கைவசம் இல்லை. வாணியம்பாடியில் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து மாட்டித் தருவதாகவும், அதுவரை லைட்டை ரொம்ப நேரம் போடாதே என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கத்திவாக்கத்தில் உறவினர் குழந்தைக்கு ஞானஸ்நானம். மதியச் சாப்பாடு என்பதால் எஸ்தரும் வந்திருந்தாள். மகள் ஜெனிக்கு லேசாகக் காய்ச்சல், அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தோம். பொழுதோடு கிளம்பிவிடலாம் என்று எஸ்தர் நச்சரித்துக்கொண்டே இருந்தாள். பேச்சு சுவாரசியத்தில் நேரமாகிவிட்டது. கிளம்பும்போது சூரியன் இறங்கியிருந்தது. நான் முதலிலிருந்தே லைட்டைப் போட்டுக்கொண்டேன்.

புகையும், பிரேக்கும், லாரியும் மேலே சொன்னவை.

அந்த நேரத்து வெளிச்சம் எப்படி இருந்தது என்பதை ரூபி சொல்லித்தான் நான் அறிவேன். மணலிப் பக்கத்து வானம் இன்னும் சிவப்பாக இருந்ததாம். கடல்மேல் சாம்பல் வெளிச்சம் கிடந்ததாம். பாறாங்கற்களில் ஆட்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தது, ஒரு பெண் துணிக்கூடையோடு சாலையைக் கடந்தது, முன்னே நின்ற லாரியின் பின்புறத்தில் எழுதியிருந்த ஊர்ப்பெயர், எல்லாம் அவளுக்குத் தெரிந்ததாம். அவளுக்கு அது சாயங்காலம்.

எனக்கு அது இருட்டு. கண்ணை மூடிக்கொண்டால் எப்படியோ, அப்படி. தூரத்தில் ஏதோ ஒரு விளக்கு, ஊசிமுனை போல. அவ்வளவுதான்.

"ரூபி, எனக்கு ஒண்ணுமே தெரியல."

விளையாடுகிறேன் என்று நினைத்தாள். பிறகு மயக்கம் வருகிறதோ என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். முகத்துக்கு நேரே கையை ஆட்டினாளாம். நான் இமைக்கவே இல்லையாம்.

அப்போது பின்சீட்டிலிருந்து எஸ்தரின் குரல் வந்தது. மெதுவாக, ஏதோ விலை சொல்வது போல.

"எனக்கும் தெரியலண்ணே. பொழுது சாஞ்சா எனக்கு எப்பவுமே தெரியாது."

என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நான் தலையைத் திருப்பினேன். எதற்குத் திருப்பினேன் என்று தெரியவில்லை, அங்கேயும் இருட்டுதான்.

பின்னால் இன்னொரு லாரி ஹாரன் அடித்தது. ரூபிக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனாலும் இடப்பக்கத்திலிருந்து சாய்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். மெதுவாக விடுங்க, நான் சொல்லும்போது நிறுத்துங்க என்றாள். நான் கிளட்சை விட்டேன். கார் நகர்ந்தது. இடப்பக்கம் கடல் என்று எனக்குத் தெரியும், சாலையின் விளிம்பு எங்கே உடைந்திருக்கிறது என்று தெரியாது. அலை கல்லில் மோதுகிற சத்தம் கிட்டே வந்துகொண்டே இருந்தது. இவ்வளவு கிட்டே எதற்கு என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. பிரேக் என்றாள். மிதித்தேன். ஸ்விட்சை எல்லாம் அணைத்தேன். புகை நின்றது.

அதுவரை எத்தனை முறை அந்தச் சாலையில் அவளையும் ஜெனியையும் உட்காரவைத்து ஓட்டியிருக்கிறேன் என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது.

ஓர் ஆட்டோவை மறித்து ரூபி எங்களை ஏற்றினாள். கார் அங்கேயே கிடந்தது. வீட்டு வாசலில் ஒரு கையில் என்னையும் மறு கையில் எஸ்தரையும் பிடித்து இறக்கினாள். எஸ்தர் படியில் கால் வைத்த விதம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. கால் நுனியால் முதலில் தடவி, பிறகு ஊன்றினாள். நானும் அப்படித்தான் வைப்பேன்.

அம்மா கேட்ட கேள்வி

அம்மா மேசையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்கள். டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. வெளிச்சத்துக்கு வந்ததும் எனக்கு எல்லாம் மறுபடி தெரிந்தது. நடந்ததெல்லாம் கனவோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

ரூபிதான் சொன்னாள். லைட் அணைந்தது, இவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்றாள். எஸ்தரைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அம்மா பூண்டைக் கீழே வைத்தார்கள்.

"ஒனக்குமாய்யா?" என்றார்கள்.

சாலையில் நடந்ததைவிட அந்த ஒரு வார்த்தைதான் என்னை அடித்துப் போட்டது. எஸ்தர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ரூபி என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், அப்புறம் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டாள்.

அம்மாவுக்கு எஸ்தரைப் பற்றித் தெரிந்திருந்தது. எஸ்தர் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே, சாயங்காலம் ஆனால் எனக்குத் தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறாள். யாரிடமும் சொல்லாதே, வெளியே தெரிந்தால் உன்னை ஒருவனும் கட்டமாட்டான் என்று அம்மா வாயை அடைத்திருக்கிறார்கள். முருங்கைக்கீரையும் மீன் எண்ணெயும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அப்பாவுக்குக்கூடச் சொல்லவில்லை.

அம்மாவுடைய தம்பிக்கும் இதே குறை இருந்ததாம். தூத்துக்குடியில் தோணியில் சரக்கு ஏற்றுகிற வேலை. ஒரு சாயங்காலம் பலகையில் வைக்க வேண்டிய காலைத் தண்ணீரில் வைத்துவிட்டார். குடித்துவிட்டு விழுந்தான் என்று ஊர் சொன்னது. அவர் குடித்ததே இல்லை என்று அம்மா சொன்னபோது, அவர்கள் குரலில் அத்தனை வருடத்துக் கோபம் இருந்தது. அந்த மாமாவின் புகைப்படம் எங்கள் வீட்டில் இருந்தது. குடிகாரர் என்றுதான் நானும் அதைப் பார்த்து வளர்ந்தேன்.

எஸ்தர் அப்போதுதான் திரும்பினாள். நாசரேத்து மாப்பிள்ளையை ஏன் வேண்டாம் என்றாள் என்பதை அன்றைக்குத்தான் சொன்னாள்.

"சொல்லிட்டுக் கட்டிக்கிறேன்னுதான் சொன்னேன். சொல்லவே கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க. அப்ப எனக்கு வேணாம்னுட்டேன்."

அதற்குத்தான் அந்த அடி.

டாக்டர்

ஊரிலேயே பெரிய கண் ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேரையும் ரூபி கூட்டிப்போனாள். இருட்டு அறையில் உட்காரவைத்தார்கள், சொட்டு மருந்து விட்டார்கள், கருவிகளில் முகத்தைப் பதிக்கவைத்தார்கள். கடைசியில் ஒரு பெண் டாக்டர், வயதில் எங்களைவிடச் சிறியவர், எதிரே உட்காரச் சொன்னார்.

கண்ணுக்குள்ளே இருக்கிற திரை ஓரத்திலிருந்து தேய்ந்துகொண்டே வருகிறது என்றார். முதலில் இருட்டில் பார்வை போகும், பிறகு பக்கவாட்டில் சுருங்கும், கடைசியில் குழாய் வழியாகப் பார்ப்பது போல் ஆகும். மருந்தும் கிடையாது, ஆபரேஷனும் கிடையாது. எஸ்தர் இதற்குத் தயாராகவே வந்தவள் போலக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் இன்னும் பல்பிலேயே இருந்தேன். நல்ல வெளிச்சமான லைட் போட்டால் ஓட்டலாமா என்று கேட்டேன்.

டாக்டர் பேனாவை மூடிவைத்தார்.

"நீங்க இதுவரைக்கும் ஓட்டிட்டா இருந்தீங்க?"

ரூபி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அப்பாவும் அம்மாவும் சொந்தத்தில் கட்டியவர்களா என்று கேட்டார். அத்தை மகன், மாமன் மகள் என்றேன். அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். குழந்தைகள் இருக்கிறார்களா என்றார். ஒரே மகள், இரண்டாம் வகுப்பு என்றாள் ரூபி. பெரும்பாலும் இருக்காது, ஆனால் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது, அடுத்த முறை கூட்டி வாருங்கள் என்றார் டாக்டர்.

அதற்கு முன்னே அவர் சொன்ன எதுவும் அதன்பிறகு எங்கள் காதில் இல்லை. பெரும்பாலும் என்ற வார்த்தையை வைத்துக்கொண்டு பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தோம்.

அன்வர் பாய் ஊரிலிருந்து திரும்பியதும் காரை இழுத்து வந்து போட்டார். ஸ்விட்சும் ஒயர்களும் ஒன்றாக உருகி ஒட்டிப்போயிருந்தன. நான் சொன்னதையும் மீறி லைட்டைப் போட்டாயே என்று முதலில் சத்தம் போட்டார். என் கண்ணுக்கு என்ன வந்திருக்கிறது என்று நான் சொன்னேன். கையில் இருந்த ஸ்குரு டிரைவரோடு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நானு உனுக்கு பல்பு வித்துகினு இருந்தனே சார்," என்றார்.

அவருடைய தப்பு என்ன இருக்கிறது என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. எங்கள் காரின் ஒயரிங் முழுவதையும் மாற்றி, சாதாரண பல்பே போட்டுக் கொடுத்தார். பிற்பாடு ரூபி ஓட்டக் கற்றுக்கொண்டது அந்தக் காரில்தான். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் புடவை கட்டிய பெண் அம்பாசடர் ஓட்டிப்போவதை ஜனங்கள் நின்று பார்த்தார்கள். அவளுக்கு என் லைட்டைப் பற்றி ஒரு புகாரும் இருந்ததில்லை. இந்த அத்தியாயத்தையும் வழக்கம்போல் நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள். இங்கே வந்ததும் பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து போய்விட்டாள்.

ஜெனி

ஜெனியைக் கூட்டிப்போக வேண்டிய நாள் வருவதற்குள் எங்களால் வீட்டில் இருக்க முடியவில்லை. அவள் தம்ளரைத் தட்டிவிட்டால் ரூபியின் முகம் மாறும். வாசலில் தடுக்கினால் அம்மா ஜெபம் செய்ய ஆரம்பித்துவிடுவார்கள். குழந்தைகள் தட்டிவிடத்தான் செய்வார்கள், தடுக்கத்தான் செய்வார்கள். அது யாருக்கும் நினைவில் வரவில்லை. சாயங்காலம் ஆனாலே வீட்டில் எல்லா விளக்கையும் போட்டுவைத்தோம். அவளுக்குத் தெரியவில்லை என்பது எங்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக.

எஸ்தர்தான் அதைத் தாங்க மாட்டாமல் போனாள். ஒரு சாயங்காலம் ரூபியும் அம்மாவும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். முன்னறையில் நானும் எஸ்தரும் ஜெனியும். தெருவில் இன்னும் ஆள் நடமாட்டம் இருந்தது, பிள்ளைகள் விளையாடுகிற சத்தம் கேட்டது.

எஸ்தர் எழுந்து கதவைச் சாத்தினாள். ஸ்விட்சை அணைத்தாள். வேண்டாம் எஸ்தர் என்றேன். அவள் கேட்கவில்லை.

எனக்கு எல்லாம் போய்விட்டது. அவளுக்கும்தான். ஜன்னலில் தெருவின் வெளிச்சம் கொஞ்சம் இருந்திருக்க வேண்டும். எங்கள் இருவருக்கும் அது ஒன்றுமில்லை. ஜெனியின் கொலுசுச் சத்தம் மட்டும் எங்கோ நடுவில் கேட்டது.

"ஜெனி, அத்தை எங்க இருக்கேன்னு சொல்லு பாப்போம்," என்றாள் எஸ்தர். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

பதில் இல்லை. கொலுசும் நின்றுவிட்டது. நான் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"கையில எத்தன வெரல் காட்டுறேன்?"

அதற்கும் பதில் இல்லை. தெருவில் ஒரு சைக்கிள் மணியடித்துப் போனது. எஸ்தர் மறுபடி கேட்டாள்.

கொலுசு அவளை நோக்கி ஓடுகிற சத்தம் கேட்டது. எதிலும் முட்டாமல், எதையும் தட்டாமல், நேராக.

"ஏன் அத்தை அழுவுற?" என்றாள் ஜெனி.

அவள் அழுதுகொண்டிருந்தாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

"அப்பா, அத்தை அழுவுறாங்க, பாருப்பா," என்றாள் குழந்தை.